லேடி சிவசாமி அய்யர், லேடி வெலிங்டன், லேடி டயானா: மூன்றும் ஒரே ‘லேடி’யா?

நடைவண்டி | ஜூன் 3, காலை 10.20

மயிலாப்பூரில் லேடி சிவசாமி அய்யர் பெண்கள் பள்ளி. சென்னையிலேயே லேடி வெலிங்டன் பெயரில் ஆசிரியர் கல்லூரி. டயானாவும் கல்யாணத்துக்கு முன்னால் லேடி டயானாதான். மொழிபெயர்க்கும்போது மூவருக்கும் ‘சீமாட்டி’ என்று போட்டுவிட்டு நகரலாம் என்பது என் கட்சி. ‘திருமதி’க்கு ஒரு படி மேலான மரியாதைச் சொல், அவ்வளவுதானே? மறுப்பவர்கள் காரணத்தோடு மறுக்கவும்.

தாமிரப்பட்டயம் | ஜூன் 3, பகல் 1.05

மறுக்கிறேன். ‘லேடி’யைப் பார்க்காதீர்கள், அதற்குப் பின்னால் யாருடைய பெயர் நிற்கிறது என்று பாருங்கள். பிரிட்டிஷ் முறையில் சங்கதி முழுக்க அங்கேதான் இருக்கிறது.

லேடிக்குப் பின் அந்தப் பெண்ணின் சொந்தப் பெயர் வந்தால் அது அப்பா கொடுத்தது. பிரபுக்களுக்கு ஐந்து படி, மேலிருந்து கீழாக டியூக், மார்க்குவிஸ், ஏர்ல், வைகவுண்ட், பாரன். அப்பா இதில் முதல் மூன்றில் ஒருவர். லேடி டயானா ஸ்பென்சர் இந்த வகை, பிறப்பிலேயே வந்தது.

பின்னால் குடும்பப் பெயரோ பட்டத்தின் பெயரோ மட்டும் வந்தால் பெரும்பாலும் கணவர் வழி. இந்த வாசல் ரொம்ப அகலம். கணவர் மார்க்குவிஸாக இருக்கலாம், ஏர்ல், வைகவுண்ட், பாரனாக இருக்கலாம், பாரனெட்டாக (பரம்பரையாகப் போகும் ‘சர்’) இருக்கலாம், ஒன்றுமே இல்லாமல் வெறும் ‘சர்’ வாங்கியவராகவும் இருக்கலாம். லேடி வெலிங்டன் இந்த வாசலில் வந்தவர்.

மூன்றாவது வகையில்தான் நம் ஆட்கள் வழுக்கி விழுவார்கள். லேடிக்குப் பின் ஓர் ஆண் பெயர், அதன்பின் குடும்பப் பெயர். லேடி ராண்டால்ஃப் சர்ச்சில். வின்ஸ்டன் சர்ச்சிலின் அம்மா, அமெரிக்காவில் பிறந்த ஜென்னி ஜெரோம். அவர் கணவர் 7ஆம் மார்ல்பரோ டியூக்கின் இளைய மகன். டியூக், மார்க்குவிஸ் இவர்களின் இளைய மகன்களுக்கு ‘லார்ட் + சொந்தப் பெயர்’ என்பது வெறும் மரியாதைப் பட்டம். அவர்கள் மனைவிக்கு அந்தப் பெயர் அப்படியே லேடியோடு ஒட்டிக்கொள்ளும். அவரை ‘லேடி ஜென்னி’ என்று எழுதினால் ஜென்னியின் அப்பாவை டியூக் ஆக்கிவிட்டீர்கள். ‘லேடி சர்ச்சில்’ என்று எழுதினால் கணவருக்கு ‘சர்’ கொடுத்துவிட்டீர்கள்.

நடைவண்டி | ஜூன் 3, பகல் 1.40

டியூக்கின் மனைவியை ஏன் இரண்டாவது வகையில் சேர்க்கவில்லை?

தாமிரப்பட்டயம் | ஜூன் 3, பகல் 2.15

டச்சஸ் ஒருபோதும் ‘லேடி இன்னார்’ ஆக மாட்டார். நேரில் ‘டச்சஸ்’ அல்லது ‘யுவர் கிரேஸ்’. அவருக்குக் கீழே உள்ள நான்கு படியும் (மார்ஷனெஸ், கவுண்டஸ், வைகவுண்டஸ், பாரனெஸ்) பேச்சில் ‘லேடி இன்னார்’ என்றே சுருங்கும்.

எது எப்போது விரிகிறது என்பதும் குறிப்புத்தான். பாரனின் மனைவி பேச்சிலும் கடித உறையிலும் எப்போதும் லேடிதான், யாரும் அவரை ‘பாரனெஸ்’ என்பதில்லை. பிரிட்டிஷ் நாளிதழில் ஒரு பெண்ணின் பெயருக்கு முன்னால் ‘பாரனெஸ்’ இருந்தால் அநேகமாக அது அவரே வாங்கிய பட்டம்.

குறும்பை | ஜூன் 3, மாலை 6.30

ஏர்லின் மனைவி எப்படி கவுண்டஸ்? ‘ஏர்லஸ்’ எங்கே போனாள்?

தாமிரப்பட்டயம் | ஜூன் 3, மாலை 6.50

பிறக்கவே இல்லை. ஏர்ல் என்பது பிரான்சிலிருந்து நார்மானியர் படையெடுத்து வருவதற்கு முன்பே இங்கிலாந்தில் இருந்த சொல். நார்மானியர் பதவியை வைத்துக்கொண்டார்கள், ஆண்களுக்குப் பழைய சொல்லும் தங்கிவிட்டது. பெண்ணுக்கு மட்டும் பிரெஞ்சு வழிச் சொல் வந்து ஒட்டிக்கொண்டது.

உச்சரிப்பையும் சொல்லிவிடுகிறேன், பதிப்பகங்களில் தொடர்ந்து தப்பாக வருகிறது. வைகவுண்ட், ‘விஸ்கவுண்ட்’ அல்ல, எஸ் ஒலிக்காது. மார்ஷனெஸ், ‘மார்ச்சியோனஸ்’ அல்ல.

பனையோலை | ஜூன் 4, காலை 7.10

கொழும்பில் பொரளைச் சிறுவர் வைத்தியசாலையை ‘சீமாட்டி ரிட்ஜ்வே’ எண்டுதான் தமிழில் எழுதுறம். அவ பிரபு வீட்டுப் பெண்சாதியோ?

தாமிரப்பட்டயம் | ஜூன் 4, காலை 8.25

இல்லை. கணவர் சர் ஜோசப் வெஸ்ட் ரிட்ஜ்வே, 1896 முதல் 1903 வரை இலங்கை ஆளுநர். ‘சர்’தான், பிரபு அல்ல. சர் பட்டம் மகனுக்குப் போகாது, பிரபுக்கள் அவையில் இடம் தராது. ஆனால் மனைவிக்கு லேடி வந்துவிடும். இதே கணக்கில்தான் இலங்கைத் தமிழர்களும் வருகிறார்கள். முத்து குமாரசுவாமி 1874இல் சர் ஆனார். ஆனந்த குமாரசுவாமியைப் பெற்ற எலிசபெத் பீபி அதனால் லேடி குமாரசுவாமி. பொன்னம்பலம் இராமநாதனின் மனைவி லீலாவதி, லேடி இராமநாதன்.

ஆக லேடி ரிட்ஜ்வேயும் லேடி வெலிங்டனும் எழுத்தில் ஒன்றுபோல இருந்தாலும் படியில் வெகுதூரம். பெயரைப் பார்த்து மட்டும் இதைக் கண்டுபிடிக்க முடியாது. கணவர் பெயருக்கு முன்னால் ‘சர்’ இருக்கிறதா ‘லார்ட்’ இருக்கிறதா என்று தேடித்தான் ஆகவேண்டும்.

தாமிரப்பட்டயம் | ஜூன் 4, காலை 9.00

சிவசாமி அய்யர் விஷயத்தை மறந்துவிட்டேன். அவர் சர், எனவே மனைவி லேடி. அதுவரை சிக்கல் இல்லை. ஆனால் ஆங்கில விதி குடும்பப் பெயரை எதிர்பார்க்கிறது. ‘சர்’ சொந்தப் பெயரோடு ஒட்டும், ‘லேடி’ குடும்பப் பெயரோடு ஒட்டும். டாடா குடும்பத்தில் இது பிசகாமல் உட்கார்ந்தது. கணவர் சர் தோராப்ஜி, மனைவி லேடி டாடா. தமிழருக்குக் குடும்பப் பெயர் ஏது? விதிப்படி ‘லேடி அய்யர்’ என்றுதான் இருந்திருக்க வேண்டும். மயிலாப்பூரில் அப்படிச் சொன்னால் எந்த அய்யர் என்று எதிர்க்கேள்வி வரும். எனவே கணவர் பெயரை முழுசாகப் போட்டார்கள். விளைவு: ‘லேடி சிவசாமி அய்யர்’ என்பதை இங்கிலாந்துக்காரர் ஒருவர் இலக்கணம் பிசகாமல் படித்தால், சிவசாமி ஒரு டியூக்கின் இளைய மகன்.

குறும்பை | ஜூன் 4, காலை 9.12

மயிலாப்பூர் டியூக். கபாலி கோயில் தேரோட்டத்தில் முதல் மரியாதை அவருக்கே.

தாமிரப்பட்டயம் | ஜூன் 4, இரவு 9.45

லேடி வெலிங்டனைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். ஒரே ஆளை வைத்து ஏறக்குறைய எல்லா விதியையும் காட்டிவிடலாம்.

மாரி பிராஸி. அப்பா தாமஸ் பிராஸி 1886இல் பாரன் ஆனார். வைகவுண்ட், பாரன் இவர்களின் மகளுக்கு லேடி கிடையாது, ‘தி ஆனரபிள்’ மட்டும். அதுவும் கடித உறையில் எழுத மட்டுமே, வாயால் சொல்வதில்லை. நேரில் ‘மிஸ் பிராஸி’. 1892இல் ஃப்ரீமன் தாமஸைக் கல்யாணம் செய்தபோது அவருக்குப் பட்டம் ஏதும் இல்லை. எனவே அப்பா வழி ஆனரபிளும் கணவர் வழி மிஸஸும் சேர்ந்து ‘தி ஆனரபிள் மிஸஸ்’. 1910இல் கணவர் வெலிங்டன் பாரன் ஆனார். அன்றிலிருந்து லேடி வெலிங்டன்.

அடுத்த ஆண்டு, 1911இல், அப்பா பிராஸிக்கு ஏர்ல் பட்டம் வந்தது. கணவர் பட்டம் இல்லாதவராகவே இருந்திருந்தால் இவர் அன்றைக்கு ‘லேடி மாரி’ ஆகியிருப்பார். ஆனால் பிரபுவின் மனைவி ஆகிவிட்டவருக்கு அப்பா வழி வரிசை மூடிக்கொள்ளும். ஒன்றும் மாறவில்லை.

கணவர் 1919 முதல் 1924 வரை சென்னை மாகாண ஆளுநர். 1924இல் வைகவுண்ட், 1931இல் ஏர்ல், வைஸ்ராய் பதவி முடிந்த 1936இல் மார்க்குவிஸ். மனைவி அதற்கேற்ப பாரனெஸ், வைகவுண்டஸ், கவுண்டஸ், மார்ஷனெஸ் என்று நாலு படியிலும் கால் வைத்திருக்கிறார். பேச்சிலும் கட்டடங்களிலும் முதலிலிருந்து கடைசிவரை ‘லேடி வெலிங்டன்’தான். ஆகவே கல்வெட்டில் ‘லேடி’ என்று இருப்பதை வைத்து அந்த ஆண்டு எந்தப் படி என்று ஊகிக்கக் கூடாது, பட்டம் ஏறிய ஆண்டோடு ஒத்துப்பார்க்க வேண்டும்.

வங்காளத்தில் ‘லேடிகேனி’ என்று ஓர் இனிப்பு உண்டு. வைஸ்ராய் கேனிங்கின் மனைவி சார்லட் பெயர். கணவர் 1859இல் வைகவுண்டிலிருந்து ஏர்ல் ஆனதற்காக இனிப்பின் பெயரை ‘கவுண்டஸ்கேனி’ என்று யாரும் மாற்றவில்லை.

நடைவண்டி | ஜூன் 5, காலை 11.00

அப்போது ஏர்லின் மகள் பாரனைக் கட்டினால் படி இறங்குகிறாளா?

தாமிரப்பட்டயம் | ஜூன் 5, பகல் 12.30

இறங்குகிறாள். விசித்திரம் என்னவென்றால், பட்டமே இல்லாத ஆளைக் கட்டினால் இறங்குவதில்லை. லேடி சாரா ஆம்ஸ்ட்ராங்-ஜோன்ஸ், ஸ்னோடன் ஏர்லின் மகள். 1994இல் பட்டமில்லாத ஒருவரை மணந்தார். குடும்பப் பெயர் மட்டும் மாறி லேடி சாரா சாட்டோ ஆனார்; அப்பா கொடுத்த வரிசை அப்படியே. டியூக் மகள் பாரனைக் கட்டினால் பாரனின் மனைவி வரிசையில் போய் நிற்க வேண்டும், பாரனின் கணக்குப்பிள்ளையைக் கட்டினால் டியூக் மகள் வரிசையிலேயே நிற்கலாம்.

சென்னைக்கு வந்த ஹென்றியெட்டா கிளைவ் இதில் நல்ல உதாரணம். போவிஸ் ஏர்லின் மகள், லேடி ஹென்றியெட்டா ஹெர்பர்ட். 1784இல் ராபர்ட் கிளைவின் மகன் எட்வர்டை மணந்தார். அவர் அயர்லாந்துப் பட்டியலில் பாரன். எனவே லேடி கிளைவ். கணவர் சென்னை ஆளுநராக இருந்தபோது கோட்டையில் இருந்ததும், மைசூர் வரை பயணம் போனதும் இந்தப் பெயரில்தான். 1804இல் கணவருக்கே போவிஸ் ஏர்ல் பட்டம் புதிதாக வழங்கப்பட்டது. பிறந்த வீட்டின் பட்டத்துக்கே கவுண்டஸ் ஆகத் திரும்பினார்.

தாமிரப்பட்டயம் | ஜூன் 5, இரவு 10.10

திருத்தம். முதல் குறிப்பில் டயானாவுக்கு ‘பிறப்பிலேயே வந்தது’ என்று எழுதியது தப்பு. 1961இல் பிறந்தபோது தாத்தாதான் ஏர்ல். அப்பா வாரிசு என்பதால் மரியாதைக்கு ‘வைகவுண்ட் ஆல்தார்ப்’. எனவே குழந்தை ‘ஆனரபிள் டயானா’. 1975இல் தாத்தா இறந்து அப்பா 8ஆம் ஏர்ல் ஆன பிறகே லேடி டயானா. பள்ளிப் பருவத்துக் காட்சி எதையாவது மொழிபெயர்த்தால் ஆண்டைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

டயானாவைத் தொட்டாயிற்று, இதையும் சொல்லிவிடுகிறேன். ‘இளவரசி டயானா’ என்ற பெயர் அரண்மனைக் கணக்கில் கிடையவே கிடையாது. ‘பிரின்சஸ்’ சொந்தப் பெயரோடு ஒட்ட வேண்டுமானால் பிறப்பால் வந்திருக்க வேண்டும், பிரின்சஸ் ஆன் மாதிரி. மருமகளுக்குக் கணவரின் பட்டம்: பிரின்சஸ் ஆஃப் வேல்ஸ். கணவருக்கு ஊர்ப் பட்டம் எதுவும் இல்லையென்றால் கணவரின் சொந்தப் பெயரே வந்துவிடும். அதனால்தான் ஒரு பெண்மணி ‘பிரின்சஸ் மைக்கேல் ஆஃப் கென்ட்’. தமிழ்ப் பத்திரிகை ‘இளவரசி மைக்கேல்’ என்று போட்டால் வாசகர் அச்சுப்பிழை என்றே நினைப்பார். விதிவிலக்கு ஒன்று உண்டு. 1974இல் கணவரை இழந்த க்ளாஸ்டர் டச்சஸ், மருமகளோடு பெயர் குழம்பாமலிருக்க ‘பிரின்சஸ் ஆலிஸ்’ என்று வைத்துக்கொள்ள ராணி அனுமதித்தார்.

1996 விவாகரத்துக்குப் பின் ‘டயானா, பிரின்சஸ் ஆஃப் வேல்ஸ்’. இங்கே காற்புள்ளிதான் முக்கியம். பெயர், காற்புள்ளி, பட்டம்: இந்த வடிவம் விவாகரத்தான மனைவியைக் குறிக்கும், அல்லது விதவையை. தமிழில் காற்புள்ளியை விழுங்கிவிடுகிறோம்.

நடைவண்டி | ஜூன் 6, காலை 9.30

விதவைக்கு ‘டவஜர்’ அல்லவா?

தாமிரப்பட்டயம் | ஜூன் 6, காலை 10.50

கணவர் இறந்த உடனே டவஜர் ஆவதில்லை. புது ஏர்லுக்கு மனைவி இல்லாதவரை பழைய கவுண்டஸ் வெறும் கவுண்டஸாகவே இருக்கலாம். புது ஏர்லுக்கு மனைவி இருந்தால் ஒரே பெயரில் இருவர், அப்போதுதான் பிரித்துச் சொல்லும் தேவை. ஏற்கெனவே ஒரு டவஜர் உயிரோடு இருந்தால் அந்தச் சொல் மூத்தவருக்கு. அடுத்த விதவை சொந்தப் பெயரை முன்னால் போட்டுக்கொள்வார். ‘டவஜர்’ என்றால் கிழவி என்று பொருள் அல்ல. முப்பது வயதிலும் டவஜர் ஆகலாம்.

விதவை மறுமணம் செய்தால் பழைய பட்டத்தின் மேல் சட்ட உரிமை போய்விடும். ஆனால் பெயராக வைத்துக்கொண்டு புழங்குவதைத் தடுக்க முடியுமா? ஏர்ல் கௌலி விவாகரத்தான மனைவிமேல் வழக்குப் போட்டார். அவர் வேறொருவரை மணந்த பிறகும் தன்னைக் கவுண்டஸ் கௌலி என்றே சொல்லிக்கொண்டார். வழக்கு பிரபுக்கள் அவை வரை போய், 1901இல் தடை கொடுக்க மறுத்துவிட்டார்கள். பட்டம் வேறு, பெயர் வேறு என்பது அதன் சாரம்.

குறும்பை | ஜூன் 6, மாலை 5.00

இதுவரை அப்பா வழி, புருஷன் வழி. சொந்தமாகச் சம்பாதித்தவள் ஒருத்தியும் இல்லையா? ஆன் பொலின்தானே முதல் ஆள்?

தாமிரப்பட்டயம் | ஜூன் 6, இரவு 8.40

முதல் ஆள் அல்ல. மார்கரெட் என்பவர் 1397இலேயே நார்ஃபோக் டச்சஸ் ஆக்கப்பட்டார், ஆயுள் மட்டும். ஏற்கெனவே அப்பாவின் ஏர்ல் பட்டத்தையும் அவரே கவுண்டஸாக ஆண்டுவந்தார். எட்டாம் ஹென்றி பின்னால் மணந்த ஆன் பொலினுக்கு 1532 செப்டம்பர் 1ஆம் தேதி விண்ட்சரில் பெம்ப்ரோக் மார்க்குவிஸ் படி வந்தது, ஆண்டுக்கு 1,000 பவுன் வருமானமுள்ள நிலங்களோடு. அந்தப் பட்டயத்தில் (பட்டம் வழங்கும் அரச ஆவணத்தில்) வாரிசைச் சொல்லும் இடத்தில் ‘முறைப்படி பிறந்த’ என்ற வழக்கமான சொல்லைக் காணோம். கல்யாணம் நடக்காமல் போனாலும் குழந்தைக்குப் பட்டம் போகட்டும் என்ற முன்யோசனை. பட்டயம் படிப்பவர்கள் இருக்கும் சொல்லைவிட இல்லாத சொல்லைத்தான் முதலில் தேடுவார்கள்.

இரண்டாம் சார்லஸ் காலத்தில் இது இன்னும் வெளிப்படை. அரசரின் காதலி பார்பரா பாமரின் கணவருக்கு 1661இல் காசில்மெய்ன் ஏர்ல் பட்டம், ஆனால் வாரிசுரிமை பார்பராவுக்குப் பிறக்கும் ஆண்பிள்ளைகளுக்கு மட்டும். 1670இல் பார்பராவுக்கே கிளீவ்லாந்து டச்சஸ். கணவர் ஏர்லாகவே நின்றார். மனைவி பட்டத்தால் கணவருக்கு ஒன்றும் வராது. ஐரோப்பா முழுக்க இதுதான் விதி.

பிறப்பு வழியாகப் பெண்ணுக்கு வருவது தனிக்கதை. ஆங்கிலேயப் பட்டங்கள் பெரும்பாலும் பட்டயத்தால் உண்டானவை, ‘உடல்வழி ஆண் வாரிசு’ என்று எழுதியிருக்கும். மகள் மட்டும் இருந்தால் பட்டம் அற்றுப்போகும். தப்பிக்க ஒரே வழி, பட்டயத்திலேயே மகளைச் சேர்த்து எழுதச் சொல்வது. மவுண்ட்பேட்டன் அதைத்தான் செய்தார். இரண்டும் பெண்பிள்ளைகள். 1979இல் அவர் கொல்லப்பட்டபோது மூத்தவர் பாட்ரிசியா கவுண்டஸ் மவுண்ட்பேட்டன் ஆனார். கர்சன் கதை இன்னும் சுவை. 1925இல் அவர் இறந்ததும் மார்க்குவிஸும் ஏர்லும் அற்றுப்போயின. ஸ்கார்ஸ்டேல் வைகவுண்ட் பட்டம் சகோதரர் மகன் பக்கம் போனது. ரேவன்ஸ்டேல் பாரன் மட்டும் மூத்த மகள் ஐரீனுக்கு. ஒரே சாவு, மூன்று திசை.

எட்வினா மவுண்ட்பேட்டனையும் பார்த்துக்கொள்ளுங்கள். 1922இல் கல்யாணம் ஆனதும் ‘லேடி லூயி மவுண்ட்பேட்டன்’, ஏனென்றால் கணவர் மார்க்குவிஸின் இளைய மகன். 1946இல்தான் ‘லேடி மவுண்ட்பேட்டன்’. போர்க்கால ஆவணத்தில் ‘லேடி லூயி’ என்று வந்தால் அது வேறு யாரோ லூயி அம்மாள் அல்ல.

பனையோலை | ஜூன் 7, காலை 6.55

மூத்த மகளுக்கு எண்டு சொல்லுறியள். மகள்மார் மூண்டு பேர் எண்டால் எப்பவும் மூத்தவவுக்கோ?

தாமிரப்பட்டயம் | ஜூன் 7, காலை 9.20

பட்டயத்தில் அப்படி எழுதியிருந்தால்தான். அரசர் அழைப்போலையால் உண்டான பழைய ஆங்கிலேய பாரன் பட்டங்களில் மகளுக்கு வாரிசுரிமை உண்டு, ஆனால் அக்கா தங்கைக்குள் மூப்பு கிடையாது. மூவரும் சமபங்கு. பட்டத்தைக் கூறு போட முடியாதே! அதனால் யாருக்கும் இல்லாமல் தொங்கலில் நிற்கும். மற்ற கிளைகள் அற்றுப்போய் ஒரே ஒரு வாரிசு மிஞ்சினால் தானாகவே அவர் கைக்கு வரும். இல்லையேல் அரசிடம் மனுப் போட்டு, அரசர் ஒருவர் பக்கம் தொங்கலை அவிழ்க்க வேண்டும். பிற்காலத்தில் இதற்கு வரம்பு கட்டினார்கள்: மனுதாரருக்குக் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு உரிமை இருக்க வேண்டும், நூறு ஆண்டைத் தாண்டிய தொங்கலைத் தொடுவதில்லை. விதிவிலக்கு: கிரே ஆஃப் காட்னர் பாரன் பட்டம் 1496இல் தொங்கி 1989இல் அவிழ்ந்தது. கணக்குப் போட்டால் 493 ஆண்டு.

ஸ்காட்லாந்தில் இந்தத் தொல்லை இல்லை, அங்கே மூத்த மகளுக்கு நேராகப் போகும். 1963இல் சதர்லாந்து டியூக் பிள்ளையில்லாமல் இறந்தார். டியூக் பட்டம் ஆண்வழியில் தூரத்து உறவான எல்ஸ்மியர் ஏர்லுக்கு. அதைவிடப் பழைய சதர்லாந்து ஏர்ல் பட்டம் சகோதரர் மகள் எலிசபெத்துக்கு. அன்றுமுதல் 2019இல் எலிசபெத் இறக்கும்வரை சதர்லாந்து டியூக் ஒருவர், சதர்லாந்து கவுண்டஸ் வேறொருவர், இருவரும் கணவன் மனைவி அல்ல. இதைத் தெரியாமல் ஜோடி சேர்த்துவிடாதீர்கள்.

நடைவண்டி | ஜூன் 7, பகல் 2.00

சொந்தப் பட்டம் இருந்தால் பிரபுக்கள் அவையில் உட்காரலாமா?

தாமிரப்பட்டயம் | ஜூன் 7, இரவு 9.30

வெகுகாலம் முடியாது. வைகவுண்டஸ் ரோண்டா, அப்பா பட்டம் 1918இல் அவருக்கு வந்தது. 1919இல் பெண்களுக்கான தடைகளை நீக்கும் சட்டம் வந்ததும் அதைக் காட்டி இடம் கேட்டார். அவையின் சிறப்புரிமைக் குழு முதலில் சரி என்றது; பிறகு பெரிதாக்கிய குழு 1922இல் முடியாது என்றது. 1958இல் ஆயுட்காலப் பிரபுச் சட்டம் பெண்களுக்குக் கதவைத் திறந்தது. ரோண்டா அதே ஆண்டு ஜூலையில் இறந்தார். முதல் அணியில் நான்கு பெண்கள். அதில் ஒருவர் நாம் மேலே பார்த்த கர்சன் மகள் ஐரீன். பரம்பரைப் பாரனெஸாக 33 ஆண்டு வெளியே நின்றவர், ஆயுட்காலப் பாரனெஸ் என்ற புதுச் சீட்டு வாங்கி உள்ளே போனார். பரம்பரைப் பட்டக்காரப் பெண்களுக்கு வழி 1963 சட்டத்தில். 1999இல் பரம்பரைப் பிரபுக்களை 92ஆகக் குறைத்தபோது ‘மார்’ என்ற ஸ்காட்லாந்துப் பட்டத்தின் கவுண்டஸ் அதில் இருந்தார். 2020இல் அவர் ஓய்வு பெற்றதும் அந்த வரிசையில் பெண் ஒருவரும் இல்லை.

தாட்சரிடம் இரண்டு வழியும் சேர்ந்தே வந்தது. 1990 இறுதியில் கணவர் டெனிஸுக்குப் பாரனெட் பட்டம் அறிவித்தார்கள். அதன்படி மனைவி லேடி தாட்சர். 1992இல் அவரே ஆயுட்காலப் பாரனெஸ், அதன்படியும் லேடி தாட்சர். எழுத்து ஒன்று, வாசல் இரண்டு. அகதா கிறிஸ்டிக்கு வாசல் மட்டுமல்ல, பெயரே இரண்டு. கணவர் 1968இல் சர் ஆனதால் லேடி மல்லோவன். 1971இல் தன் பெயரில் டேம் அகதா. ‘டேம்’ என்பது ‘சர்’ பட்டத்தின் பெண்பால். அதுவும் ‘சர்’ போலவே சொந்தப் பெயரோடு ஒட்டும், ‘டேம் கிறிஸ்டி’ தவறு. டேமின் கணவருக்கு ஒன்றுமில்லை.

நடைவண்டி | ஜூன் 8, காலை 10.05

‘ஐரோப்பா முழுக்க இதுதான் விதி’ என்று நேற்று முன்தினம் எழுதினீர்கள். ஸ்பெயினில் ஆல்பா டச்சஸின் கணவரை டியூக் என்றார்களே?

தாமிரப்பட்டயம் | ஜூன் 8, பகல் 1.15

நீங்கள் சொன்னது சரி, நான் அவசரப்பட்டு எழுதினது. ஸ்பெயினில் பட்டக்காரியின் கணவர் மரபுப்படி மனைவி பட்டத்தைப் புழங்கலாம். காயெட்டானா, 18ஆம் ஆல்பா டச்சஸ், 1926 முதல் 2014 வரை வாழ்ந்தவர், நாற்பதுக்கு மேல் பட்டங்கள். மூன்று கல்யாணம், இரண்டாம் கணவர் முன்னாள் பாதிரியார், அவரும் ஆல்பா டியூக் என்றே அழைக்கப்பட்டார். அங்கே மகள் வாரிசாவது புதிதல்ல. ஆனால் தம்பி இருந்தால் அக்காவுக்கு இல்லை. 2006 அக்டோபர் 30ஆம் தேதிச் சட்டம் அதை மாற்றி முதலில் பிறந்தவருக்கே என்றது. கூடவே 2005 ஜூலை 27 அன்று முடிவாகாமல் இருந்த வழக்குகளுக்கும் அது பொருந்தும் என்றார்கள். தம்பி கையில் இருந்த பட்டத்தைக் கேட்டு அக்காக்கள் நீதிமன்றம் ஏறினார்கள்.

ஜெர்மனி வேறு உலகம். பாரனுக்குச் சமமான ஃப்ரைஹெர் மனைவி ஃப்ரைஃபிராவ், கல்யாணமாகாத மகள் ஃப்ரைன். 1919 அரசியல் சட்டம் பட்டங்களைக் குடும்பப் பெயரின் பகுதி ஆக்கிவிட்டது. பெயர் என்றால் அண்ணனுக்கும் தங்கைக்கும் ஒன்றாகத்தானே இருக்க வேண்டும்? 1926இல் உச்ச நீதிமன்றம், பால் பார்த்து மாறலாம் என்றது. எனவே இன்றும் கடவுச்சீட்டில் அண்ணன் கிராஃப் (ஏர்லுக்குச் சமம்), தங்கை கிரேஃபின். ஆஸ்திரியா அதே 1919இல் அடியோடு ஒழித்தது, உயர்குடியைக் காட்டும் ‘ஃபான்’ கூட வைக்கக் கூடாது. ஜெர்மனியில் தத்தெடுக்கப்பட்டு ‘ஃபூர்ஸ்டின் (இளவரசி) ஃபான்’ என்று பெயர் பெற்ற ஆஸ்திரியப் பெண் ஒருவரின் பெயரிலிருந்து அந்தப் பகுதியை ஆஸ்திரியா வெட்டியது. ஐரோப்பிய நீதிமன்றம் 2010இல் வெட்டியது செல்லும் என்றது.

ரஷ்யாவில் க்னியாஸ் மனைவி க்னியாகினியா, கல்யாணமாகாத மகள் க்னியாஷ்னா. ஆங்கிலம் இரண்டையும் ‘பிரின்சஸ்’ ஆக்கியது. ஆங்கிலம் வழியே தமிழுக்கு வந்த ரஷ்யக் கதைகளில் அம்மாவும் மகளும் ஒரே ‘இளவரசி’யாக வந்து உட்காருவதற்கு இதுதான் காரணம். போலந்திலும் அப்படியே: கவுண்டின் மனைவி ஹ்ராபினா, மகள் ஹ்ராபியாங்கா. ஆங்கிலம் இல்லாமல் நேராக மொழிபெயர்த்தால் இந்த வேறுபாட்டைத் தமிழில் சுலபமாகவே வைக்கலாம்.

குறும்பை | ஜூன் 8, இரவு 7.40

படி வேறுபாடு கண்ணுக்கும் தெரியுமா, காகிதத்தில் மட்டுமா?

தாமிரப்பட்டயம் | ஜூன் 8, இரவு 9.05

நன்றாகவே தெரியும். முடிசூட்டு விழா அங்கியின் பின்தொங்கல், 1953 அளவுப்படி: டச்சஸ் 2 கெஜம், மார்ஷனெஸ் ஒன்றே முக்கால், கவுண்டஸ் ஒன்றரை, வைகவுண்டஸ் ஒன்றே கால், பாரனெஸ் 1. படிக்குக் கால் கெஜம். கிரீடத்தில் டச்சஸுக்கு எட்டு ஸ்ட்ராபெரி இலை, மார்ஷனெஸுக்கு நாலு இலை, நாலு வெள்ளி உருண்டை, கவுண்டஸுக்கு எட்டு இலை, உயரக் காம்பில் எட்டு உருண்டை, வைகவுண்டஸுக்குப் பதினாறு உருண்டை, பாரனெஸுக்கு ஆறு. ஓவியத்தில் எண்ணும்போது முன்பக்கம் தெரிவது மட்டுமே வரும் என்பதை நினைவில் வையுங்கள். பாரனெஸுக்கு நாலுதான் தெரியும், டச்சஸுக்கு ஐந்து இலை. குலச்சின்னத்திலும் ஒரு குறி: பெண்ணுக்குக் கேடயம் இல்லை, சாய்சதுரம். போருக்குப் போகாதவளுக்குக் கேடயம் எதற்கு என்பது பழைய விளக்கம்.

பிரெஞ்சு அரசவை இருந்த வெர்சேயில் இன்னும் எளிது, யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்த்தால் போதும். ராணி முன்னிலையில் முக்காலியில் உட்காரும் உரிமை டச்சஸுக்கு. பதினைந்தாம் லூயியின் காதலி பாம்பதூர் 1745இல் மார்க்கீஸ் (மார்ஷனெஸின் பிரெஞ்சு வடிவம்). 1752இல் முக்காலி உரிமை கிடைத்தது, ஆனாலும் கடைசிவரை மார்க்கீஸ் என்றே புழங்கினார்.

நடைவண்டி | ஜூன் 9, காலை 8.50

‘சீமாட்டி’க் கட்சியைக் கலைத்துவிட்டேன். மாற்றாக என்ன போடுவது? ‘கோமாட்டி’ என்று டச்சஸுக்குப் போடுகிறார்கள்.

தாமிரப்பட்டயம் | ஜூன் 9, காலை 11.20

ஐந்து படிக்கும் ஐந்து தமிழ்ச்சொல் புனையலாம், ஆனால் கோமாட்டி பெரியவளா சீமாட்டி பெரியவளா என்று வாசகருக்கு எப்படித் தெரியும்? டச்சஸ், கவுண்டஸ், பாரனெஸ் இவற்றை ஒலிபெயர்த்து, முதல்முறை வரும் இடத்தில் உரைநடையிலேயே ‘ஏர்லின் மனைவி’, ‘தன் உரிமையில் கவுண்டஸான’ என்று நுழைத்துவிடுங்கள். ‘லேடி’யை லேடியாகவே விடுங்கள். பின்னால் வரும் பெயரை மட்டும் மாற்றாதீர்கள், சுருக்காதீர்கள். கொழும்பு வைத்தியசாலை போல ஊர் ஏற்றுக்கொண்ட பெயர் என்றால் சீமாட்டி இருக்கட்டும், அது இனி அந்த ஊரின் சொல்.

ஒன்று மட்டும் ஆண்பாலில் விட வேண்டியிருக்கும். லங்காஸ்டரில் எலிசபெத் ராணிக்கு மது உயர்த்தும்போது ‘ராணி, லங்காஸ்டர் டியூக்’ என்றார்கள். டச்சஸ் அல்ல, டியூக். டச்சஸ் என்றால் டியூக்கின் மனைவி ஆகிவிடுவார்.

நடைவண்டி | ஜூன் 9, பகல் 12.02

நான் மொழிபெயர்க்கும் நாவலில் ஒரே பக்கத்தில் ‘லேடி ஹென்றி’, ‘லேடி மேரி’, ‘மேரி, கவுண்டஸ்’ மூன்றும் வருகிறது. நான் மூவரையும் ஒரே ஆளாக்கி வைத்திருந்தேன். இப்போது பார்த்தால் மருமகள், மகள், விவாகரத்தான மனைவி என்று தோன்றுகிறது.

தாமிரப்பட்டயம் | ஜூன் 9, பகல் 12.30

முதல் இரண்டும் அநேகமாகச் சரி, ஆனால் இருவரும் ஒரே வீடாக இருக்க வேண்டியதில்லை. ஹென்றியின் அப்பா டியூக் அல்லது மார்க்குவிஸ், மேரியின் அப்பா ஏர்லாகவும் இருக்கலாம். கடைசி ஆள் விதவையாகவும் இருக்கலாம். கதையில் பழைய ஏர்ல் உயிரோடு இருக்கிறாரா, பாருங்கள்.

நடைவண்டி | ஜூன் 9, பகல் 12.41

இரண்டாம் அத்தியாயத்திலேயே குதிரையிலிருந்து விழுந்து செத்துப்போனார்.